வேலைக்கும் விளையாட்டுக்கும் தண்ணீர்... எவ்வளவு? எந்தத் தண்ணீர்?

பகலெல்லாம் கரும்பு வெட்டியவருக்கு இரவில் கெண்டைக்கால் சுண்டி இழுக்கிறது. கபடி ஆடும் பிள்ளைக்கும் ஆட்டத்தின் கடைசி நேரத்தில் அதே பிடிப்பு வருகிறது. தசைக் களைப்பு ஒரு காரணம். வியர்வையில் போன தண்ணீரும் உப்பும் இன்னொரு காரணம்.

நம் தசையில் சுமார் முக்கால் பங்கு தண்ணீர்தான். வியர்த்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தின் அளவு குறையும். அதே வேலைக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டிவரும். உடம்புச் சூடு ஏறும். கை, கால் சீக்கிரமே தளரும். உடல் எடையில் 2 சதவிகிதம் தண்ணீர் இழந்தாலே உழைக்கும் திறன் குறைய ஆரம்பிக்கும். 60 கிலோ எடை உள்ளவருக்கு இது 1.2 லிட்டர்தான். சித்திரை வெயிலில் சில மணி நேர வேலையிலேயே இவ்வளவும் போய்விடும்.

அதனால் தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். கடும் வெயிலில் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் வீதம் குடியுங்கள். மொத்தமாகக் குடம் குடமாகக் குடிப்பதும் சரியல்ல. 1920-களில் இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வியர்வை கொட்டக் கொட்ட வெறும் தண்ணீரையே குடித்து, தசைப்பிடிப்பால் துடித்தார்கள். தண்ணீரில் கொஞ்சம் உப்பு சேர்த்த பிறகு பிடிப்பு குறைந்தது. நமக்கு உப்பு போட்ட மோரும், கேழ்வரகுக் கூழும், நீராகாரமும் இருக்கின்றன. இளநீர் நல்லதுதான், ஆனால், அதில் சோடியம் குறைவு. ரத்த அழுத்தம், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் உப்பைக் கூட்ட வேண்டும்.

தர்மபுரி மாவட்டத்துக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கே பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் பல்லில் கறை படியும். நாளடைவில் எலும்பும் மூட்டும் இறுகும். வெயிலில் உழைப்பவர் அதிகம் குடிப்பதால், அவர் உடம்பில் சேரும் ஃப்ளோரைடும் அதிகம். தசைக்கு நல்லது என்று மோட்டார் கொட்டகையில் குடிக்கும் போர் தண்ணீர், மூட்டைக் கெடுத்துவிடக் கூடாது. காய்ச்சினாலும் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்றுவதால் அடர்த்திதான் கூடும்.

இதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-ல் பயன்பாட்டுக்கு வந்த அந்தத் தண்ணீரை வீட்டோடு நிறுத்திவிடாமல், கேனில் பிடித்து வயலுக்கும் மைதானத்துக்கும் கொண்டுபோங்கள். போர் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்றால், குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். வெயிலில் ஒருவர் குழறிப் பேசினாலோ, மயங்கினாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.