எல்லையாகும் ஆறுகள்

நிலப்படத்தை விரித்து நோக்குவார்க்கு, நாடுகளின் எல்லைக் கோடுகளுட் பல ஆறுகளின்மீதும் ஏரிகளின்மீதும் செல்வது புலனாகும். மலையும் ஆறும் இயற்கை வகுத்த எல்லைகள் என்று நாம் இளமையிற் பயின்றிருக்கின்றோம். கல் நடவும் மதில் எழுப்பவும் வேண்டாது, காண்பார் யாவர்க்கும் எளிதில் விளங்குவது ஆறு. ஆதலின் உடன்படிக்கை எழுதுவோர் அதனை விரும்பித் தேர்ந்தனர். ஆயினும், ஆறு உண்மையில் நல்ல எல்லைதானா என்பது ஆராயத்தக்கது. இவ்வாராய்ச்சியைத் தொடங்க நாம் தொலைவிற் செல்ல வேண்டுவதில்லை. நாமக்கல் சமவெளியின் மேற்கே ஓடும் காவிரியே ஒரு காலத்தில் இரண்டு அரசுகளைப் பிரித்து நின்றது.

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், சீரங்கப்பட்டினத்து உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி திப்பு சுல்தான் தம் நாட்டிற் பாதியை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. பாரமகாலும், சேலம், நாமக்கல், சங்ககிரி முதலிய பகுதிகளும் கிழக்கிந்தியக் கம்பெனியார் வசமாயின. கோயம்புத்தூர்ச் சீமை மைசூரோடு நின்றது. எனவே மேற்கரையிலுள்ள பவானியும் ஈரோடும் திப்புவின் ஊர்கள். எதிர்க்கரையிலுள்ள திருச்செங்கோட்டுப் பகுதி கம்பெனியாரது. கீழ்க்கரை நாட்டில் அலெக்சாண்டர் ரீடும், அவர்க்குத் துணைவராயிருந்த தாமஸ் மன்றோ முதலியோரும் நிலம் அளந்து தீர்வை விதித்தனர். மேற்கரையில் மைசூர் அதிகாரிகள் வரி தண்டினர். 1799 மே 4-ஆம் நாள் திப்பு போரில் மாண்டபின் கோயம்புத்தூரும் கம்பெனியாரைச் சேர்ந்தது. ஏழாண்டுகள் அரசெல்லையாயிருந்த ஆறு, அதன்பின் மாவட்ட எல்லையாக மட்டும் நின்றது.

இவ்வெல்லை மக்கள் வாழ்விற் பிறந்ததன்று. கொங்கு நாட்டின் பழைய உட்பிரிவுகளிற் பூந்துறை நாடும் ஒன்று. ஈரோட்டைச் சார்ந்த பகுதி மேல்கரைப் பூந்துறை நாடு எனவும், திருச்செங்கோட்டைச் சார்ந்த பகுதி கீழ்கரைப் பூந்துறை நாடு எனவும் வழங்கின. கரை இரண்டாயினும் பெயர் ஒன்றே. போரில் வென்றோர் பகுத்தெடுத்த பங்கே அவ்வாற்றை அரசெல்லையாக்கிற்று.

நிற்க. ஆறே எல்லை என்று எழுதிவிட்டால் வழக்குத் தீர்ந்துவிடுமா? வரைபடத்தில் ஆறு ஒரு கோடு. நிலத்திலோ அது அகலமுடையது. ஆற்றினிடையே மணல் திட்டுகளும் உள. எல்லை அக்கரையா, இக்கரையா, நடுவா? சில உடன்படிக்கைகள் ஒரு கரையையே எல்லையாக்கி, நீர் முழுவதையும் ஒரு நாட்டிற்கு அளித்தன. கலம் செல்லாத ஆறுகளுக்கு இரு கரைக்கும் நடுவான கோட்டைக் கொள்வது வழக்கம். கலம் செல்லும் ஆறுகளுக்கு, அவை செல்லும் ஆழமான நீரோட்டத்தின் வழியே எல்லை வகுக்கப்படும். இதனை ஜெர்மானியச் சொல்லால் ‘தால்வெக்’ என்பர்.

இவ்வேறுபாடு சிறிதென்று எண்ணற்க. ஈரானுக்கும் ஈராக்கிற்கும் இடையிலுள்ள ஷட்-அல்-அராப் ஆற்றில், 1937-ஆம் ஆண்டு உடன்படிக்கை பெரும்பகுதி எல்லையை ஈரானின் கரையோரமாக வைத்தது. 1975-இல் அஃது ஆழ்நீரோட்டத்திற்கு மாற்றப்பட்டது. 1980-இல் ஈராக் அம்மாற்றத்தைத் தள்ளிப் போர் தொடுத்தது. எட்டாண்டு நீண்ட அப்போரிற்குக் காரணங்கள் பல. ஆற்றில் எல்லை எங்கே என்பதும் அவற்றுள் ஒன்று.

இனி, ஆறு இடம் பெயர்வது. ஒரு கரையை அரித்து மறு கரையில் வண்டலைச் சேர்ப்பது ஆற்றின் இயல்பு. இதற்கெனச் சட்டவறிஞர் ஒரு விதி கண்டனர்: ஆறு சிறிது சிறிதாக நகர்ந்தால் எல்லையும் உடன் நகரும், வெள்ளத்தாற் புது வழி திடீரென வெட்டிக்கொண்டு ஓடினால் எல்லை பழைய தடத்திலேயே நிற்கும். விதி எளிது, அதனை வழங்குதல் அரிது. ஐக்கிய அமெரிக்காவிற்கும் மெக்சிகோவிற்கும் 1848-இல் எல்லையான ரியோ கிராந்தே, 1864-ஆம் ஆண்டு வெள்ளம் உள்ளிட்ட மாறுதல்களால் தெற்கே விலகிற்று. மெக்சிகோவின் நிலப்பகுதி ஒன்று மறு கரைக்குச் சென்றது. சாமிசால் எனப்படும் அந்நிலம்பற்றிய வழக்கு 1911-இல் நடுவர்முன் சென்றும் தீரவில்லை. 1963-இல்தான் உடன்படிக்கை பிறந்தது. ஆற்றைக் கற்காரைக் கால்வாயில் அடக்கினர். எல் பாசோ நகரில் 5,000-க்கு மேற்பட்டோர் தம் வீடுகளை விட்டுப் பெயர்ந்தனர். ஆறு விலகியதற்கு, நூறாண்டுகள் கழித்து மக்கள் இடம்பெயர நேர்ந்தது!

ஏரிகள் ஆறுகளைப்போல் அலைவதில்லை. ஆதலின் அவற்றின்மீது கோடு வகுத்தல் எளிது. வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளுள் மிச்சிகன் ஒழிந்த நான்கின் ஊடே கனடாவின் எல்லை செல்கின்றது. ஆயினும் நீர் கோட்டை அறியாது. ஒரு நாடு நீரைத் திருப்பினால் மற்றதன் துறைமுகம் வறளும். இதனை உணர்ந்த அவ்விரு நாடுகளும் 1909-இல் ஓர் உடன்படிக்கை செய்து, பக்கத்திற்கு மூவராக அறுவர் கொண்ட கூட்டு ஆணையத்தை நிறுவின. ஐரோப்பாவிலுள்ள கான்ஸ்டன்ஸ் ஏரியின் பெரும்பகுதியிலோ, ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து என்னும் மூன்று நாடுகளும் உடன்பட்ட எல்லைக்கோடே இல்லை. அங்ஙனமிருந்தும் அவை அமைதியாக வாழ்கின்றன.

மீண்டும் காவிரிக்கு வருவோம். 1934-இல் முடிவுற்ற மேட்டூர் அணையைக் கட்டிய சென்னை அரசாங்கத்தார்க்கு இரு கரையும் உரியனவாயிருந்தன. அங்ஙனமிருந்தும், மேலே உள்ள மைசூர் அரசோடு 1924-இல் உடன்படிக்கை செய்துகொண்டே பணியைத் தொடங்க வேண்டியதாயிற்று. காவிரி சமவெளியிலும் அரசெல்லையாகவே நின்றிருந்தால், இரு கரையையும் பிணைக்கும் ஓர் அணை எழுவது எத்துணை அரிதாகியிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

இன்று அவ்வாறு நாமக்கல் மாவட்டத்திற்கும் ஈரோடு மாவட்டத்திற்கும் எல்லை. பவானியிலிருந்து குமாரபாளையத்திற்கும், ஈரோட்டிலிருந்து பள்ளிபாளையத்திற்கும் நெசவாளரும் வணிகரும் மாணவரும் பாலங்களின்மேல் நாள்தோறும் சென்று வருகின்றனர். அவர்களை நிறுத்திக் கடவுச்சீட்டுக் கேட்பார் இல்லை. ஆனால் ஒரு கரையில் விடப்படும் சாயக்கழிவு இரு கரையாரும் பருகும் நீரைக் கெடுக்கும் என்னும் உண்மை எவ்வெல்லையாலும் மாறாது. ஆகவே, ஆறு நிலத்தை வேண்டுமாயிற் பிரிக்கலாம். நீரைப் பற்றிய பொறுப்பைப் பிரிக்கமாட்டாது. உலகின் எல்லையாறுகள் யாவும் கற்பிக்கும் பாடம் இதுவே. அதனை முதலிற் பயிலத் தக்க பள்ளி நம் காவிரிக் கரையேயாம்.