கம்பியில்லா வலையமைப்பும் கட்டற்ற இயங்குதளமும்

கடலாற் பிரிக்கப்பட்ட நிலங்களை வானொலி அலைகளால் இணைக்கும் முயற்சியோடு கணினிகளின் கம்பியில்லா வலையமைப்பு வரலாறு நெருங்கிய தொடர்புடையது. 1971ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சனும் அவர்தம் குழுவினரும் அலோகாநெற் என்னும் அமைப்பை இயக்கினர். பசிபிக் தீவுகளிற் சிதறிக்கிடந்த கல்விக்கூடங்கள் தொலைவிலுள்ள கணினியைப் பயன்படுத்தல் வேண்டும் என்பதே அவர்தம் நோக்கம். பல நிலையங்கள் ஒரே அலைவரிசையிற் பேசப் புகுங்கால் நேரும் மோதலைச் சிறிது பொறுத்து மீண்டும் அனுப்புதல் என்னும் எளிய விதியால் அவர்கள் தீர்த்தனர். 1997இல் வகுக்கப்பட்ட வைஃபை நியமமும் அவ்விதியின் வழிவந்ததேயாம்.

யாழ்ப்பாணத்துத் தீவுகளுள் ஊர்காவற்றுறையையும் புங்குடுதீவையும் தரைவழியே அடையலாம். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்குமோ குறிகட்டுவானிற் படகேறியே செல்லல் வேண்டும். நெடுந்தீவுப் பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரமாகும். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆம் நாள் முடிவுற்றமையால், பழைய மடிக்கணினி வைத்திருப்போர் லினக்ஸை நாடுதல் இயல்பே. நெடுந்தீவு மாணவன் ஒருவன் அதனை நிறுவுகின்றான் எனக் கொள்வோம். திரை ஒளிர்கின்றது; ஒலி கேட்கின்றது; கம்பியில்லா இணைப்பு மாத்திரம் காணப்படவில்லை. குறையை நீக்கும் கோப்பு இணையத்தில் உள்ளது. இணையத்தை அடைதற்கோ அக்கோப்பு வேண்டும். பழுதுபார்ப்போரை நாடின் கடல் கடந்து ஒரு பகலைச் செலவிடல் வேண்டும். இந்நிலையிற் புதியவன் தன் அறியாமையே காரணம் எனக் கருதி முயற்சியைக் கைவிடுதல் கூடும். உண்மைக் காரணமோ வேறு.

வைஃபை இயங்குதற்குச் சில்லு, இயக்கி, நிலைப்பொருள் என மூன்று வேண்டும். சில்லு, அலைகளை அனுப்பவும் ஏற்கவும் வல்ல உறுப்பு. இயக்கி, இயங்குதளத்தின் கருவிலிருந்து அச்சில்லுக்கு ஆணையிடும் நிரல். நிலைப்பொருள், சில்லினுள்ளேயே ஓடும் சிறு நிரல். பல சில்லுகள் இதனைத் தம்முள் நிலையாக வைத்திருப்பதில்லை; கணினி தொடங்குந்தோறும் இயக்கியின் வழியாகவே பெற்றுக்கொள்கின்றன. பாகன் இருந்தும் ஆணைச்சொற்களைப் பயிலாத யானை அசையாதவாறு போல, இயக்கி இருந்தும் நிலைப்பொருள் இல்லாத சில்லு வாளாவிருக்கும்.

அது இல்லாதொழிவது ஏன்? 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். நிலைப்பொருளின் உரிமையோ பெரும்பாலும் சில்லைச் செய்த நிறுவனத்திடமே உள்ளது. சில நிறுவனங்கள் அதன் மூலத்தை மறைப்பதோடமையாது, பிறர் அதனை விநியோகித்தற்கும் அனுமதி வழங்குவதில்லை. புரோட்கொம் நிறுவனத்தின் பழைய சில்லுகள் இதற்கு எடுத்துக்காட்டு. அவற்றின் இயல்பை ஆர்வலர்கள் ஆய்ந்தறிந்து தாமே இயக்கி எழுதினர். நிலைப்பொருளையோ அந்நிறுவனத்தின் இயக்கிக் கோப்பிலிருந்து பயனர் ஒவ்வொருவரும் பிரித்தெடுக்க நேர்ந்தது. 2010 செப்ரெம்பரில் அந்நிறுவனமே தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்த இயக்கியை வெளியிட்டது. மூலம் மறைந்த நிலைப்பொருளை நெடுங்காலம் தன் நிறுவுவட்டிலிருந்து விலக்கிவைத்த டெபியன் குழுவும், 2022இல் உறுப்பினரிடை வாக்கெடுத்து, 2023 யூன் 10ஆம் நாள் வெளியான 12ஆம் பதிப்பில் அதனைச் சேர்த்துக்கொண்டது. கொள்கையிற் சற்று நெகிழ்ந்தேனும் புதியவர்க்கு வழிதிறத்தல் நன்றென அக்குழுவிற் பெரும்பாலார் துணிந்தனர்.

இனிச் செய்யத்தக்கன இவை. முதலாவது, கம்பியில்லா உறுப்பை நிறுத்தும் பொத்தான் அல்லது விசை அணைந்துள்ளதா எனப் பார்த்தல். இரண்டாவது, சில்லின் பெயரை அறிதல். முனையத்தில் எல், எஸ், பீ, சீ, ஐ என்னும் ஐந்து ஆங்கிலச் சிற்றெழுத்துகளை இடைவெளியின்றித் தட்டினால், உள்ளே பொருத்திய உறுப்புகளின் பட்டியல் தோன்றும். மடிக்கணினியின் மேலுறையிலுள்ள பெயரன்று, இப்பட்டியலிலுள்ள பெயரே பயன்தருவது. ஒரே வகை மடிக்கணினியிலும் வெவ்வேறு சில்லுகள் இருத்தல் உண்டு. மூன்றாவது, டீ, எம், ஈ, எஸ், ஜீ என்னும் கட்டளையால், நிர்வாகி உரிமையோடு, கருவின் குறிப்பேட்டை வாசித்தல். நிலைப்பொருள் கிடைக்கவில்லையெனின், வேண்டிய கோப்பின் பெயரோடு அச்செய்தி அங்கே காணப்படும்.

நான்காவது, கோப்பைப் பெறுதல். மேற்கூறிய சுழல் அறுபடும் இடம் இதுவே. அன்ரொயிட் கைபேசியை யூஎஸ்பி வடத்தாற் கணினியோடு இணைத்து, அமைப்புகளில் யூஎஸ்பி வழி இணையப் பகிர்வைத் தெரிந்தால், லினக்ஸ் அதனைக் கம்பிவழி வலையமைப்பாகவே ஏற்கும். வைஃபைச் சில்லின் துணை வேண்டுவதில்லை. அவ்வழியே உரிய பொதியை இறக்கி நிறுவிக் கணினியை மீளத் தொடங்கினால், பல சில்லுகள் உடனே உயிர்பெறும். நிறுவுமுன் நினைவுக்கோலிலிருந்தே லினக்ஸை இயக்கிப் பார்த்தல் இன்னும் சிறந்தது.

இயக்கி திறந்திருத்தலின் பெரும்பயனைத் தமிழ்நாட்டுத் தேனியிற் காணலாம். ஆங்கு அரவிந்த் கண் மருத்துவமனையைக் கிராமக் கண் நிலையங்களோடு நெடுந்தூர வைஃபையால் இணைக்கும் பணியில் கலிபோர்ணியாவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஈடுபட்டனர். அனுப்பிய செய்தி சேர்ந்தது என்னும் மறுமொழிக்காக வைஃபை சிறிதுநேரமே காத்திருக்கும். அக்கால அளவு குறுந்தூரத்துக்கே ஏற்றது. பல கிலோமீற்றர் தொலைவில் மறுமொழி பிந்தும். அனுப்பியதையே மீண்டும் அனுப்புவதால் வேகம் குன்றும். லினக்ஸில் இயங்கிய கருவிகளின் இயக்கியைத் திருத்தக்கூடியதாயிருந்தமையால், அவர்கள் அவ்விதிகளையே மாற்றியமைத்தனர். அப்பணியை 2007இல் ஆய்வுக்கட்டுரையாகவும் வெளியிட்டனர். கண்ணோயாளர் தம் ஊரிலிருந்தே தொலைவிலுள்ள மருத்துவரோடு காட்சிவழி உரையாட இவ்விணைப்பு உதவிற்று.

ஆகலின், தன் சில்லின் பெயரையும் அதற்கு வேண்டிய கோப்பையும் தானே கண்டறியும் தீவக மாணவன் ஒரு மடிக்கணினியைத் திருத்துவதோடு நிற்பதில்லை. கருவியின் உள்ளமைப்பை ஆராயும் முறையையும் கற்றுக்கொள்கின்றான். அவன் அறிந்ததைச் சில்லின் பெயரோடு தமிழில் எழுதிவைப்பின், அடுத்து வருபவனுக்கு ஒரு கடற்பயணம் மிச்சமாகும்.