வண்ணக் குண்டுகள் சொல்லும் உஷ்ணம்

அலங்காரப் பொருள்கள் விற்கும் கடைகளில், ஒரு முழ உயரமுள்ள கண்ணாடிக் குழல் ஒன்றை நேயர்கள் பார்த்திருக்கலாம். குழல் நிறையத் தெளிந்த திரவம்; அதற்குள் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் எனப் பல வர்ணக் கண்ணாடிக் குண்டுகள். ஒவ்வொன்றின் அடியிலும் எண் பொறித்த சிறு உலோகத் தகடு தொங்கும். சில குண்டுகள் மேலே மிதக்கும்; சில அடியில் கிடக்கும்; சில சமயம் ஒன்று மட்டும் திரிசங்குவைப் போல் நடுவில் நிற்கும். 'கலீலியோ உஷ்ணமானி' என்று இதற்குப் பெயர்.

விளையாட்டுச் சாமானாகத் தோன்றும் இது மெய்யாகவே உஷ்ணத்தை அளக்கிறதா? அளக்கிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ் கண்ட நியதியே இதற்கு ஆதாரம். திரவத்தில் அமிழ்ந்த பொருளை, அது விலக்கிய திரவத்தின் எடைக்குச் சமமான சக்தி மேல் நோக்கித் தள்ளுகிறது. அறையில் உஷ்ணம் ஏறினால் திரவம் விரிகிறது. விரியவே, அதே கன அளவுள்ள திரவத்தின் எடை குறைகிறது. குண்டுகளின் கன அளவோ அநேகமாக மாறுவதில்லை. ஆகவே தாங்கும் சக்தி குறைந்து, குண்டுகள் ஒவ்வொன்றாக அமிழ்கின்றன. உஷ்ணம் ஏற ஏறக் குண்டு இறங்கும் விந்தை இதுதான்! மேலே மிதக்கும் கூட்டத்தில் எது கடைசியாக, கீழே இருக்கிறதோ அதன் தகட்டிலுள்ள எண்ணே அறையின் உஷ்ணம். நடுவில் ஒன்று தனித்து நின்றால் அதன் எண்ணையே கொள்ள வேண்டும்.

வர்ணங்கள் கண்ணுக்கு அழகுதான். வேலை செய்வது எடை. ஊதிச் செய்யும் குண்டுகள் ஒன்றைப் போல் ஒன்று அமைவதில்லை. அந்த வித்தியாசத்தைத் தகட்டின் எடையைக் கூட்டிக் குறைத்துச் சரி செய்கிறார்கள். குழலில் தண்ணீர் ஊற்றினால் போதாதா என்றால், போதாது. 20 டிகிரி சென்டிகிரேட் அளவில், ஒரு டிகிரி உஷ்ணத்துக்குத் தண்ணீர் பதினாயிரத்தில் இரண்டு பங்குதான் விரியும். சாராயமோ ஏறக்குறைய ஐந்து மடங்கு விரியும். இக்காலத்தில் மண்ணெண்ணெய் இனத்துத் திரவம் நிரப்புகிறார்கள். அது தீப்பற்றக்கூடியது, ஆதலால் விளக்கருகிலும் குழந்தைகளின் கைக்கெட்டும் இடத்திலும் வைக்கலாகாது.

இனி, பெயரின் கதை. கலீலியோ பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் செய்த கருவி வேறு. கண்ணாடிக் குமிழில் அடைபட்ட காற்று விரிந்து சுருங்குவதை, குழாயில் ஏறி இறங்கும் நீரால் அது காட்டியது. வெளிக் காற்றின் அழுத்தம் மாறினாலும் அந்த நீர் மட்டம் மாறும். அதுவே அதன் குறை. 1642-இல் கலீலியோ காலமானார். 1657-இல் இத்தாலியின் பிளாரென்ஸ் நகரில், மெடிசி வம்சத்து லியோபோல்டோவின் ஆதரவில் ஒரு பரிசோதனைச் சபை தோன்றியது. கலீலியோவின் சீடர் விவியானியும் அதில் ஓர் அங்கத்தினர். குண்டு மிதக்கும் உஷ்ணமானி அந்தச் சபையாரின் கைவண்ணமே. மெதுவாக அசைவதால் அதைச் 'சோம்பேறி' என்றே அழைத்தார்கள்! நோயாளியின் கையில் கட்டுவதற்குத் தவளை வடிவத்தில் சிறிய கருவியும் செய்தார்கள். பிளாரென்ஸ் பொருட்காட்சிச் சாலையில் அவற்றை இன்றும் காணலாம்.

1667-இல் அச்சபை தன் பரிசோதனைகளைப் புத்தகமாக வெளியிட்டது. எந்தச் சோதனையை எவர் செய்தார் என்று அதில் தனித் தனியே குறிக்கவில்லை. எல்லாம் சபையின் பொதுச் சொத்து. கலீலியோவின் புகழுக்கு இந்தக் குண்டுகள் தேவையில்லை. குண்டுகளை ஊதிய கைகளுக்கும், எடை பார்த்த கண்களுக்கும் உரிய கடனே நம்மிடம் பாக்கி இருக்கிறது. அடுத்த முறை இந்தக் குழலைக் காணும்போது, பெயர் சொல்லாமல் உழைத்த அவர்களையும் ஒரு கணம் நினைப்போமாக!