28 அங்குல சைக்கிள்: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

அப்பா வயலுக்கு ஓட்டிய 28 அங்குல சைக்கிள் வீட்டில் சும்மா நின்றது. மகள் அதைத்தான் பள்ளிக்கு எடுத்துப் போவேன் என்கிறாள். வில்லியனூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் வண்டியைப் பிரிக்கும் முன்பே ஒன்றை முடிவு செய்துவிட்டேன். பெயிண்ட், கியர், சீட்டு எல்லாம் அப்புறம். முதலில் ஈரத்தில் வண்டி நிற்கணும்.

இந்த வண்டிகளில் இருப்பது கம்பி பிரேக். லீவரை அழுத்தினால் கம்பி மேலே இழுத்து, பிரேக் கட்டைகள் ரிம்மின் உட்பக்கத்தில், அதாவது ஆக்சிலைப் பார்த்த முகத்தில் போய் ஒட்டும். காய்ந்த ரோட்டில் பரவாயில்லை. ஆனால் ரிம் பளபளப்பான முலாம் பூசிய இரும்பு. நனைந்தால் கட்டைக்குப் பிடிமானமே கிடைக்காது. அழுத்தி, தண்ணீர் வழித்து, அதற்கப்புறம்தான் பிடிக்கத் தொடங்கும். அந்த இடைவெளியில் வண்டி எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் பயம். கட்டையை மாற்றினால் கொஞ்சம் தேறும், அவ்வளவுதான். குறை ரிம்மில் இருக்கிறது. அலுமினிய ரிம் ஈரத்திலும் ஓரளவு நன்றாகவே பிடிக்கும்.

சரி, இரண்டு சக்கரத்துக்கும் அலுமினிய ரிம் போட்டுவிடலாமே? இங்கேதான் சாஃப்ட்வேர்காரர்களுக்குப் பழக்கமான தலைவலி வருகிறது. ஒரு லைப்ரரியை அப்டேட் பண்ணினால் அது பத்து லைப்ரரியைக் கேட்கும் இல்லையா, அதே கதை.

பின் சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பிரிட்டிஷ் வழக்கப்படி முன்னால் 32 கம்பி, பின்னால் 40 கம்பி. இன்றைய ரிம்கள் பெரும்பாலும் 32 அல்லது 36 துளைதான். ஆக ஹப்பையும் மாற்றணும். பழைய ஃப்ரேமில் பின் ஆக்சில் உட்காரும் இடைவெளி, என் வண்டியில் அளந்தபோது, 110 மி.மீ. இன்றைய சிங்கிள் ஸ்பீடு ஹப்புக்கு 120, கியர் ஹப்புக்கு 130 அல்லது 135 வேண்டும். இரும்பு ஃப்ரேம் என்பதால் நெம்பி விரிக்கலாம் (அலுமினிய ஃப்ரேமில் இதைச் செய்யவே கூடாது). விரித்தபின் இரண்டு பக்கமும் சமமாக விரிந்ததா என்று ஹேண்டில் கழுத்திலிருந்து நூல் கட்டிப் பார்க்கணும். கியர் போட்டால் செயினும் மாறும். பழைய செயினின் உள் அகலம் 1/8 அங்குலம், கியர் செயினுக்கு 3/32. கண்ணி நீளம் மட்டும் இரண்டிலும் அதே அரை அங்குலம். இவ்வளவும் செய்து முடித்தால் கம்பி பிரேக் வேலை செய்யாது, அதற்கு அந்தப் பழைய வடிவ ரிம்தான் வேண்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கு. சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கிய காலத்து வண்டி வடிவம் அதிகம் மாறாமலே வந்திருக்கிறது. அதனால் இந்த வண்டியின் டயர், டியூப், காட்டர் பின், பால்ஸ் எல்லாம் பாகூர் கடைத்தெருவிலேயே கிடைக்கும். மெக்கானிக் அண்ணனுக்கு அளவு சொல்லவே வேண்டாம். நாம் 'மாடர்ன்' ஆக்கிய ஒவ்வொரு பாகத்துக்கும் டவுனுக்குப் போகணும், இல்லையென்றால் ஆன்லைனில் வரவழைத்துக் காத்திருக்கணும். பள்ளிக்குப் போகிற வண்டிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நான் போன வழி: முன் சக்கரத்தை மட்டும் மாற்றினேன். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையதுதான். பின்னால் கம்பி பிரேக் அப்படியே இருக்கட்டும்.

டயர் ஓரத்தில் 28 × 1½ என்று போட்டிருக்கும். ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ. பிரெஞ்சுக்காரர்கள் கணக்கில் இதற்கு 700பி என்று பெயர். இன்று உலகம் முழுக்க ஓடும் 700சி அதே வரிசையில் அடுத்த எழுத்து, 622 மி.மீ. நம்ம ஊர் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் என்பதால் இதைச் சொல்லத் தோன்றியது. ஆரத்தில் வித்தியாசம் 6.5 மி.மீ.தான். 37 மி.மீ. டயர் போட்டதில் முன்பக்கம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தாழ்ந்தது. ஓட்டுவதில் தெரியவில்லை.

பழைய முன் ஹப் 32 துளை. 32 துளை 700சி அலுமினிய ரிம் அதற்கு நேராகப் பொருந்தும். ஹப்பை மாற்றாததால் ஆக்சில் சிக்கலும் இல்லை. பழைய ஆக்சில் 5/16 அங்குலம், புது ஹப்பில் 9 மி.மீ., அதைப் போட்டிருந்தால் ஃபோர்க் வெட்டை அராவ வேண்டி வரும். ஸ்போக்ஸ் மட்டும் புதிது. ரிம்மின் உள்விட்டம், ஹப் விளிம்பின் விட்டம், விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரம், ஒரு கம்பி எத்தனை கம்பியைக் குறுக்கே தாண்டுகிறது, இந்த நான்கும் தெரிந்தால் நீளம் வந்துவிடும். முக்கோணக் கணக்குதான், பத்து வரி பைத்தான். எனக்கு வந்தது 296 மி.மீ. உங்கள் ரிம்முக்கு வேறு வரும், கண்டிப்பாக அளந்து பாருங்கள்.

அடுத்து பிரேக். ஃபோர்க் தலையில் மட்கார்டு மாட்டும் துளையிலிருந்து ரிம்மில் கட்டை படும் இடம் வரை அளந்தால் 70 மி.மீ. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கேலிப்பர் 57 மி.மீ. வரைதான் எட்டும். 55 முதல் 73 வரை எட்டுகிற நீளக்கை மாடல் ஒன்று உண்டு, அதைத்தான் கேட்டு வாங்கணும். ஹேண்டில்பார் குழாய் 22.2 மி.மீ., இன்றைய கேபிள் லீவர் அப்படியே மாட்டிக்கொள்ளும். முன் பிரேக்கின் கம்பியைக் கழற்றி எடுத்து வைத்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். பிரேக் பலமானால் ஃபோர்க்கின் மேல் வரும் விசையும் கூடும். மட்கார்டைக் கழற்றி, ஃபோர்க் தலையும் கால்களும் சேரும் இடத்தில் துருவைச் சுரண்டிப் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தாலும் அந்த ஃபோர்க் வேண்டாம்.

பெடல் கிராங்க், காட்டர் பின் பக்கம் நான் போகவே இல்லை. மாற்ற நினைப்பவர்கள் முதலில் மரை எண்ணுங்கள். பிரிட்டிஷ் பொது அளவில் ஒரு அங்குலத்துக்கு 24 மரை, ராலே தன் வண்டிகளுக்கு 26 வைத்திருந்தது. இரண்டிலும் செயின் பக்கத்துக் கப் இடது மரை. பிரெஞ்சு ஃப்ரேம் யாருக்காவது கிடைத்தால் அதில் இரண்டு பக்கமும் வலது மரைதான், எதிர்த்திசையில் முறுக்கிக் கெடுத்துவிடாதீர்கள்.

சக்கரம் கோத்ததும் கோட்டம் எடுத்துவிட்டு, முதல் 50 கி.மீ. ஓடியபின் இன்னொரு தடவை எடுங்கள். புதுக் கம்பிகள் அதற்குள் கொஞ்சம் தளர்ந்திருக்கும். உள்ளூர்க் கடையிலேயே செய்துவிடுவார்கள்.