செம்மண் புன்செயும் வேர்முடிச்சுக் கிருமியும்

சாத்தான்குளம் வட்டாரத்துப் புன்செய்களில் பெரும்பாலானவை செம்மண்ணும் தேரி மணலுமாக இருப்பவை. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி அவற்றில் உளுந்து, நிலக்கடலை முதலியவற்றை விதைக்கும் குடியானவர்களுக்கு உரச் செலவு பெரும் பாரமாகும். மழை தவறினால் உரத்துக்கிட்ட முதல் வீணாகும். மழை மிஞ்சினாலோ யூரியா மணலில் இறங்கி வேருக்கு எட்டாமற் போகும். செலவு சொற்பமாயும், வேரிலேயே தங்கிப் பயிருக்கு உழைப்பதாயும் உள்ள உபாயமே இத்தகைய நிலங்களுக்கு ஏற்றது. ரைசோபியம் என்னும் வேர்முடிச்சுக் கிருமி அத்தகையது.

காற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் என்னும் தழைச்சத்து வாயுவே. எனினும் பயிர் அதை நேரே உண்ண இயலாது. தூத்துக்குடி ஸ்பிக் ஆலை போன்ற யூரியா ஆலைகளில் அவ்வாயுவை நானூறு டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்திலும் மிகுந்த அழுத்தத்திலும் வசப்படுத்துகிறார்கள். அதே வேலையைக் கண்ணுக்குப் புலப்படாத இக்கிருமி, உளுந்தின் வேரில் சிறு முடிச்சுகளைக் கட்டிக்கொண்டு, மண்ணின் சாதாரணச் சூட்டிலேயே செய்துவிடுகிறது. 1886ஆம் வருஷத்தில் ஹெல்ரீகல் என்னும் ஜெர்மானிய சாஸ்திரி, வெறும் மணலில் பட்டாணியை வளர்த்துப் பார்த்து இவ்வுண்மையை வெளியிட்டார். 1888ல் ஹாலந்து தேசத்து பெயரிங்க் இக்கிருமியைத் தனியே பிரித்தெடுத்தார். முதற் பரீட்சை மணலில் நடந்ததென்பது தேரிக் குடியானவர்கள் கவனிக்கத்தக்கது.

உலகில் பருப்பு வகைகளை மிகுதியாக விளைவிப்பது இந்தியாவே. ஆயினும் உண்பதும் இந்நாடே மிகுதியாகையால், உளுந்துக்குப் பர்மாவை எதிர்பார்க்க நேரிடுகிறது. ஏழைகள் வீட்டில் இட்டிலிக்கும் களிக்கும் உளுந்து குறையாதிருக்க வேண்டுமாயின் மானாவாரிப் புன்செயின் விளைச்சல் உயர வேண்டும்.

இவ்வளவு நல்ல பொருளைக் குறித்தும் சில கிராமங்களில் "போட்டுப் பார்த்தோம், பலனில்லை" என்று சொல்வதுண்டு. விசாரித்தால் காரணம் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். காலையில் டெப்போவில் வாங்கிய பொட்டலம் வண்டிப் பையில் நண்பகல் வரை வெயிலில் தொங்கும்; பிறகு யூரியா மூட்டையின்மேல் நாலு நாள் கிடக்கும்; கடைசியில் டி.ஏ.பி.யுடன் கலந்து காய்ந்த மண்ணில் தூவப்படும். பொட்டலத்திலிருப்பது உப்பன்று, உயிர். கோழிக்குஞ்சை இவ்விதம் கொண்டுவருவார் யாருமில்லை. கிருமிக்கும் அவ்வளவு ஜாக்கிரதை அவசியம்.

விதை நேர்த்தி செய்யும் முறை எளிது. பத்து கிலோ உளுந்து விதைக்கு 200 கிராம் பொட்டலம் ஒன்று போதும். ஆறிய வடிகஞ்சியில் அதைக் குழைத்து, விதை ஒவ்வொன்றிலும் படியும்படி கையால் மெதுவாகப் பிசறி, நிழலில் கால் மணி நேரம் உலர்த்தி, அன்றே ஈர மண்ணில் விதைத்து மூடிவிட வேண்டும். சூடான கஞ்சி கூடாது. வெயிலில் உலர்த்துதலும் கூடாது. பூஞ்சாண மருந்து கலப்பதானால் ஒரு நாள் முன்னதாகவே கலந்துவிட வேண்டும். வேரழுகலுக்கு அஞ்சுவோர் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி உபயோகிக்கலாம். இதுவும் உயிர்ப்பொருளே. கொண்டைக்கடலைக்குரிய ரைசோபியம் உளுந்துக்கு உதவாதாகையால், பொட்டலத்தில் பயிரின் பெயரைப் பார்த்தே வாங்க வேண்டும்.

கிருமியை இட்டுவிட்டால் உரமே வேண்டியதில்லை என்பாரும் உளர். அது சரியன்று. மானாவாரி உளுந்துக்கு ஹெக்டேருக்கு 12.5 கிலோ தழைச்சத்தும் 25 கிலோ மணிச்சத்தும் அடியுரமாகச் சிபார்சு செய்யப்பட்டுள்ளன. தழைச்சத்தை இதற்கு மேல் அள்ளி இட்டால் செடி சோம்பி முடிச்சுக் கட்டாது. மணிச்சத்தோ செம்மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்து இறுகிவிடும். அதை இளக்க பாஸ்போபாக்டீரியாவைத் தொழு உரத்துடன் கலந்து இடுதல் நன்று. அங்ககப் பொருள் அற்ற தேரி மணலில் எந்தக் கிருமியும் நெடுநாள் பிழைக்காது. கோடையில் குளத்து வண்டலையும் தொழு உரத்தையும் சேர்த்த நிலத்திலேதான் இதன் முழுப் பலனைக் காணலாம். வண்டல் எடுக்க அனுமதியைத் தாலுகா அளவிலேயே பெறும்படி 2024ல் சர்க்கார் விதிகளைத் தளர்த்தியிருப்பதால், கிராம நிர்வாக அலுவலர்கள் மழைக்கு முன்பே மனுக்களை முடித்துக் கொடுப்பது பெரிய உபகாரமாகும்.

கூட்டுறவுச் சங்கத்தார்க்கும் ஒரு பொறுப்புண்டு. உயிர் உரங்கள் 2006 முதல் உரக் கட்டுப்பாட்டு உத்தரவின் கீழ் வந்துள்ளன. பொடி வகையில் கிராம் ஒன்றுக்கு 5 கோடி உயிருள்ள கிருமிகளுக்குக் குறையலாகாது. காலாவதித் தேதி கடந்த சரக்கில் இத்தனை கிருமிகளை எதிர்பார்க்க முடியாது. தகரக் கூரையின் கீழ் அடுக்கி வைத்த சரக்கு தேதிக்கு முன்பே கெட்டுப்போகும். ஆகவே குளிர்ந்த இடத்தில், உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் எட்டத்தில், பருவத்துக்கு வேண்டிய அளவே வரவழைத்து வைக்க வேண்டும்.

நேர்த்தி செய்யாத விதையை நாலு சால் மட்டும் ஓரமாக விதைத்து வைப்பது நலம். முப்பது, முப்பத்தைந்து நாளில் இரு பக்கத்திலும் சில செடிகளை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, நீரில் அலசி, முடிச்சுகளை நகத்தால் கிள்ளிப் பார்க்கலாம். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் கிருமி வேலை செய்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. அறுவடையில் செடியைப் பிடுங்காமல் தரையோடு அறுத்தெடுத்து, வேரை நிலத்திலேயே விட்டு உழுதுவிட வேண்டும்.