கிலுகிலுப்பையை விரட்டிய விசில்

ஒரு காலத்தில் லண்டன் போலீஸ்காரர் திருடனைத் துரத்தும்போது சக காவலர்களை அழைக்க வைத்திருந்தது ஒரு மரக் கிலுகிலுப்பை. கைப்பிடியைப் பிடித்துச் சுழற்றினால் கடகடவென்று சத்தம் போடும். ஓடிக்கொண்டே சுழற்ற வேண்டும், கனம் வேறு. திருடனுக்குத்தான் அது வசதி!

1883-ல் லண்டன் பெருநகரக் காவல்துறை அதற்கு மாற்று தேடியபோது, பர்மிங்காமில் பட்டறை வைத்திருந்த ஜோசப் ஹட்சனின் விசில் தேர்வானது. குழாய் வடிவம். ஊதினால் ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு சுருதிகள் சேர்ந்து எழும். காதைக் குத்தும் அந்தச் சத்தம் ஒரு மைல் தாண்டியும் கேட்டது.

அடுத்த ஆண்டே ஹட்சன் ‘ஆக்மி தண்டரர்’ விசிலைக் கொண்டுவந்தார். விளையாட்டு நடுவர்களின் கழுத்தில் தொங்குமே, அந்த நத்தை வடிவ விசில்தான். உள்ளே தக்கையில் செய்த சின்ன உருண்டை இருக்கும். ஊதும் காற்று கூரான விளிம்பில் மோதிப் பிளந்து, ஒரு பகுதி அறைக்குள் சுழலும். உருண்டையும் கூடவே சுற்றி, திறப்பை மறைப்பதும் விலகுவதுமாக இருக்கும். வெறும் ‘பீ’ என்று வரவேண்டிய ஒலி ‘கிர்ர்ர்’ என்று அதிர்வது அதனால்தான். மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது சுமார் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. விசில் பேசுவதும் அங்கேதான்.

1912 ஏப்ரல் 15 விடியலில், டைட்டானிக்கின் கவிழ்ந்த படகொன்றின் முதுகில் நின்றிருந்தவர்களைக் காப்பாற்றியதும் ஒரு விசில். அதிகாரி லைட்டாலர் ஊதிய ஊதலைக் கேட்டுத்தான் மற்ற உயிர்காப்புப் படகுகள் திரும்பி வந்தன. இன்று விமானத்தின் லைஃப் ஜாக்கெட்டில்கூட விசில் உண்டு.

தக்கை உருண்டைக்கு ஒரு கோளாறு: எச்சில் ஊறினாலோ, வேகமாக ஊதினாலோ சிக்கிக்கொள்ளும். கனடாவின் கூடைப்பந்து நடுவர் ரான் ஃபாக்ஸ்கிராஃப்டுக்கு 1984-ல், முக்கியமான ஆட்டத்தில், விசில் ஊமையாகிவிட்டது. ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? வெறுத்துப்போனவர் உருண்டையே இல்லாத விசிலை உருவாக்கவைத்தார். மூன்று அறைகள் கொண்ட அந்த ‘ஃபாக்ஸ் 40’ 1987-ல் வெளிவந்தது. நனைந்தாலும் ஒலிக்கும்.

நம்மூர் கண்டக்டருக்கு இத்தனை நுட்பம் தேவைப்படவில்லை. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போகலாம். பின்படிக்கட்டில் தொங்கும் காலேஜ் பையன்கள் வாயாலேயே டபுள் விசில் கொடுத்து வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். ஏறாமல் நிற்கும் பயணிகள் கத்த, நடுவில் மாட்டிக்கொண்ட கண்டக்டரும் சிங்கிள் விசிலை அடித்துக்கொண்டே கத்த, டிரைவர் எல்லோரையும் திட்டிக்கொண்டு பிரேக்கை மிதிப்பார்.