சலோமே என்னும் பெயர்

பெற்றோர் தம் குழந்தைக்குப் பெயரிடும்போது அதன் பொருளை எண்ணி மகிழ்வர். ஆயினும், பிற்காலத்து உலகம் அப்பெயரைக் கேட்டு எதனை நினைக்கும் என்பதை அவர் அறியார். சலோமே என்னும் யூதப் பெண்பெயரின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

எபிரேய மொழியில் 'ஷாலோம்' என்னும் சொல் அமைதி எனப் பொருள்படும். அச்சொல்லின் அடியாகப் பிறந்ததே இப்பெயர். இதனை ஒட்டி, 'சியோனின் அமைதி' என்னும் பொருளுடைய ஷெலம்சியோன் என்ற பெயரும் வழங்கிற்று. சியோன் என்பது எருசலேம் நகரின் மறுபெயர். இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன் யூதேயா நாட்டில் மரியாள் என்னும் பெயரைப் போலவே இப்பெயர்களும் பெருவழக்காய் இருந்தன. இறந்தோர் எலும்புகளை இட்டுவைத்த கற்பேழைகள் பலவற்றின்மேல் இவை பொறிக்கப்பட்டிருத்தலை இன்றும் காணலாம்.

இப்பெயர் தாங்கியோருள் தலைசிறந்தவர் ஓர் அரசி. கி.மு. 76 முதல் 67 வரை யூதேயாவை ஆண்ட அவரைச் சலோமே அலெக்சாந்திரா என்பர். அவர்தம் கணவர் பரிசேயர் என்னும் சமயப் பிரிவினரைப் பகைத்துத் தம் குடிமக்களையே கொன்று குவித்தவர். அவருக்குப்பின் அரியணை ஏறிய அரசியோ, பரிசேயரைத் துணையாகக் கொண்டு உள்நாட்டுப் பூசலைத் தணித்தார். அவர் நாளில் பருவமழை பொய்யாது பெய்ததென்றும், கோதுமை மணிகள் பெரிதும் பருத்து விளைந்தன என்றும் யூதர்தம் தால்மூத் நூல் புகழ்கின்றது. அவர் மறைந்ததும் மைந்தர் இருவரும் முடிக்காகப் போரிட்டனர். கி.மு. 63இல் எருசலேம் உரோமானியர் கைப்பட்டது. நாடு இழந்த அமைதியே அவ்வரசியின் அருமையைக் காட்டிற்று.

எனினும், இன்று சலோமே என்றவுடன் பலர் நினைவுக்கு வருபவர் அவர் அல்லர். நடனமாடி யோவானின் தலையைப் பரிசாகக் கேட்ட இளமங்கையே ஆவாள். ஏரோது மன்னனின் பிறந்தநாள் விருந்தில் ஏரோதியாளின் மகள் ஆடினாள் என்றும், தாயின் ஏவலால் அக்கொடிய பரிசைக் கேட்டாள் என்றும் மத்தேயு, மாற்கு நற்செய்திகள் கூறும். ஆனால், அவற்றுள் அப்பெண்ணின் பெயரே இல்லை! ஏரோதியாளின் மகள் பெயர் சலோமே எனக் குறித்தவர் யோசேபஸ் என்னும் யூத வரலாற்றாசிரியர். அவரோ நடனத்தைப் பற்றி யாதும் கூறினாரில்லை; மக்கள் கிளர்ச்சிக்கு அஞ்சியே ஏரோது யோவானைக் கொன்றான் என்பது அவர் கூற்று. ஒரு நூலின் நிகழ்ச்சியையும் மற்றொரு நூலின் பெயரையும் பிற்காலத்தார் இணைத்துவிட்டனர். மாற்கு நற்செய்தியில் சலோமே என்னும் பெயர் வருவது உண்மையே. ஆயின், இயேசு சிலுவையில் துன்புற்றபோது அகலாது நோக்கி நின்ற அன்புடைய பெண்ணொருத்தியின் பெயர் அது.

கலைஞர் கற்பனை கதையை மேலும் வளர்த்தது. ஆஸ்கார் வைல்டு 1891இல் பிரெஞ்சு மொழியில் நாடகம் ஒன்று எழுதினார். அதில் சலோமே தாயின் ஏவலின்றி, நிறைவேறாக் காதலின் வெறியால் தானே தலையைக் கேட்கின்றாள். அந்நாடகத்தைத் தழுவி ரிச்சர்டு ஸ்டிராஸ் அமைத்த இசைநாடகம் 1905இல் அரங்கேறிற்று. அமைதி என்னும் பெயர்மேல் குருதிக்கறை நிலைத்துவிட்டது.

கலைக்குக் கற்பனை அணி. அதனைக் குறை கூறல் வேண்டா. ஆயினும், கதையில் கேட்டதை வரலாறு எனக் கொண்டு ஒருவர்மேல் பழி சுமத்துதல் தகாது. மூலநூல் யாது கூறுகின்றது என ஆராய்ந்து தெளிதலே அறிவுடைமை. அவ்வாறு ஆராய்வார்க்கு, நாட்டில் அமைதி நிலவச்செய்த அரசியின் பெயராகவும் சலோமே விளங்கும்.